ஒன்பது புள்ளிகளும் 88 சதவீதமும்

"டாக்டர், என் தங்கைக்கு 26 வயது. மாசி மாதத்தில் வலது கண் திடீரென்று மங்கியது, கண்ணை அசைத்தால் வலி. கண் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையில் ஒன்பது வெள்ளைப் புள்ளிகள், ஆறு வென்ட்ரிக்கிளை (மூளைநீர் இருக்கும் அறையை)ச் சுற்றி, மூன்று மேல்பட்டையை ஒட்டி, அதில் ஒன்று கான்ட்ராஸ்ட் மருந்தைப் பிடிக்கிறது என்று ரிப்போர்ட். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், பார்வை முக்கால்வாசி திரும்பிவிட்டது. நரம்பு டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார், முதுகுத் தண்டையும் ஸ்கேன் எடுத்துவிட்டு மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். நான் இரவெல்லாம் தேடி, லண்டன் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் மில்லர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். முதல் ஸ்கேனில் புள்ளி இருந்தால் 88 சதவீதம் பேருக்கு நோய் உறுதி, நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் 14 வருடத்தில் கைத்தடி பிடிக்கும் நிலை என்று இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. ஒன்பது புள்ளி என்றால் இன்னும் எத்தனை வருடம்? வருடா வருடம் ஸ்கேன் தேவையா, அந்தக் கான்ட்ராஸ்ட் கெடுதலா? வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டலாமா?"
பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ராயபுரத்தில் நரம்பு டாக்டராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். "எத்தனை புள்ளி டாக்டர்?" என்று கேட்காத குடும்பம் கிடையாது. ஆனால் அசல் ஆய்வுக் கட்டுரையையே தேடிப்பிடித்து, புரியாத வார்த்தையோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் உங்களுக்கு மேலோட்டமாக ஆறுதல் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. அந்தக் கட்டுரையையே பிரித்து வைத்துக்கொண்டு பேசுவோம். நீங்கள் படித்த எண்கள் சரி. அவை எந்தக் கேள்விக்கான பதில் என்பதைத்தான் நீங்கள் மாற்றி எடுத்துக்கொண்டீர்கள், அது உங்கள் தப்பும் இல்லை, அப்படித்தான் யாரும் படிப்பார்கள்.

அந்த ஆய்வு எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிந்தால் எண்கள் தானாக இடத்தில் உட்காரும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்கித் தழும்பாக்கும் நோய். பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பு டாக்டர் 1868-இல் அதை விவரித்தது, இறந்துபோனவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து. அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல், உயிரோடு இருக்கிறவரின் தலைக்குள் அந்தத் தழும்புகளை ஒழுங்காகப் பார்க்க யாருக்கும் வழியில்லை. சி.டி. ஸ்கேன் வந்து கொஞ்சம் காட்டியது. 1981-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் எம்.எஸ். நோயாளிகள் 10 பேரை சி.டி.யிலும் புதிதாக வந்த எம்.ஆர்.ஐ.யிலும் படம் எடுத்தார்கள்: சி.டி.யில் 19 புள்ளிகள் தெரிந்தன, எம்.ஆர்.ஐ.யில் அந்த 19-ம் தெரிந்து, அது போக இன்னும் 112. அந்தப் பத்துப் பேரும் அத்தனை புள்ளிகளையும் சுமந்துகொண்டுதான் அதுவரை வாழ்ந்துகொண்டிருந்தார்கள், இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே லண்டனில் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் இயான் மெக்டொனால்டு என்ற நியூசிலாந்துக்காரர் இருந்தார். பிரிட்டன் எம்.எஸ். சங்கத்தின் பணத்தில், இந்த நோயின் ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஒரு ஸ்கேனர் வந்தது. கண் மங்கியோ, உடம்பு ஒரு பக்கம் மரத்தோ முதல் தடவையாக வருகிறவர்களை 1984-இலிருந்து 1987 வரை சேர்த்து, ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தத் தொடர்ச்சியில் வந்ததுதான் டேவிட் மில்லர் குழுவின் கட்டுரை. நோயாளிகளை அத்தனை வருடம் விடாமல் கூப்பிட்டுப் பார்த்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன், இன்றைக்கு என் மேஜையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு என்னால் ஏதாவது சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அந்த மாதிரி வேலைதான் காரணம்.

சரி, 88-க்கு வருவோம். ஆய்வில் 71 பேர். எல்லோரும் உங்கள் தங்கை மாதிரி ஒரே ஒரு தாக்குதலோடு வந்தவர்கள். 50 பேருக்கு முதல் ஸ்கேனிலேயே புள்ளிகள், 21 பேருக்கு ஸ்கேன் சுத்தம். சராசரியாக 14 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த 50 பேரில் 44 பேருக்கு எம்.எஸ். உறுதியாகியிருந்தது, அதுதான் நீங்கள் படித்த 88 சதவீதம். ஸ்கேன் சுத்தமாக இருந்த 21 பேரிலும் 4 பேருக்கு உறுதியானது.

இங்கே 'உறுதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத்து விதிப்படி எம்.எஸ். உறுதி என்று சொல்ல, நரம்பு மண்டலத்தில் வேறொரு இடத்தில் இரண்டாவது தாக்குதல் வர வேண்டும். முதல் தாக்குதல் வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டாக்டரும் காத்திருப்பார், நோயாளியும் காத்திருப்பார். ஆக 88 என்பது "இரண்டாவது தடவை வருமா" என்ற கேள்விக்கான பதில். உடம்பு எவ்வளவு முடங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்புறம் 2001-இல் அதே மெக்டொனால்டு தலைமையில் ஒரு குழு விதியை மாற்றியது: இரண்டாவது தாக்குதலுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஸ்கேனே சாட்சி சொல்லட்டும் என்றார்கள். அந்த விதியைத்தான் அவர் பெயரில் இன்றைக்கும் வைத்துக்கொண்டு, 2005, 2010, 2017, 2024 என்று அவ்வப்போது திருத்திக்கொண்டு வருகிறோம்.

உங்கள் தங்கை ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி மட்டும் கான்ட்ராஸ்டைப் பிடிக்கிறது என்று இருக்கிறதல்லவா, அது சும்மா எழுதிய வரி இல்லை. ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, கையில் ஏற்றும் கேடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து சாதாரணமாக அதைத் தாண்டி மூளைக்குள் போகாது. வீக்கம் புதிதாக இருக்கும் இடத்தில் மட்டும் தடுப்பு கசியும், மருந்து உள்ளே போய்ப் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் சில வாரங்கள்தான் அப்படித் தெரியும், அப்புறம் தடுப்பு மூடிக்கொள்ளும், புள்ளி மட்டும் தழும்பாக நிற்கும். ஒன்று பிடிக்கிறது, மீதி எட்டு பிடிக்கவில்லை என்றால் புதுசும் பழசும் ஒரே படத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கண் மங்குவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், நோய் சில தடவை வந்து போயிருக்கிறது. ஒரே ஸ்கேனை வைத்து உங்கள் டாக்டர் எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், காரணம் இதுதான். வென்ட்ரிக்கிளைச் சுற்றி, மேல்பட்டையை ஒட்டி என்று இரண்டு இடம், புதுசு பழசு என்று இரண்டு காலம், வேறு நோய் இல்லை என்று தெரிந்தால் 2017 விதிக்கு அது போதும்.

அதனால் 88 சதவீதத்தை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதே இல்லை. வருமா வராதா என்ற கட்டத்தை உங்கள் தங்கை ஏற்கெனவே தாண்டிவிட்டாள், அனேகமாக அவளுக்கு எம்.எஸ். இருக்கிறது. இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் 1985-இல் லண்டனில் அதே படத்தோடு வந்த பெண்ணுக்கு நோயைத் தடுக்க டாக்டர் கொடுக்க ஒன்றும் இல்லை. உங்கள் தங்கைக்கு இந்த மாதமே மருந்து ஆரம்பிக்கலாம். எம்.எஸ்.ஸின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி வாங்கியதே 1993-இல்தான், அதற்கும் ஸ்கேன்தான் பெரிய துணை, மருந்து எடுத்தவர்களின் தலையில் புதுப் புள்ளிகள் குறைந்ததை வான்கூவரில் படங்களை வைத்து எண்ணிக் காட்டினார்கள். இன்றைக்கு அதைவிடப் பலமடங்கு வலுவான மருந்துகள் இருக்கின்றன. நீங்கள் படித்த அந்த மூன்றில் ஒரு பங்கு, கட்டுரையில் 31 சதவீதம், பெரும்பாலும் மருந்தே பார்க்காதவர்களின் கணக்கு.

1984-87-இல் சேர்த்த மொத்தப் பேரையும் (அந்த 71 பேர் அதில் ஒரு பகுதிதான்) 30 வருடம் கழித்துத் தேடிப்பிடித்து 2020-இல் இன்னொரு கட்டுரை வந்தது. நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். எம்.எஸ். வந்து, இப்போதைய நிலையும் தெரிந்தவர்கள் 77 பேர். அதில் 32 பேர் 30 வருடத்துக்குப் பிறகும் யார் துணையும் இல்லாமல் நன்றாக நடமாடினார்கள். 16 பேரின் மரணத்தில் இந்த நோய்க்குப் பங்கு இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எம்.எஸ். வந்தவர்களில் மருந்து எடுத்துக்கொண்டவர்கள் மொத்தம் 11 பேர்தான். மருந்தில்லாமலே இவ்வளவு வித்தியாசம், மனிதருக்கு மனிதர்.

இனி ஒன்பது புள்ளி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய கேள்வி இதுதான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கேட் மூடினால் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் நிற்கும். அந்த இடத்தில் ரோட்டில் இரண்டடிக்குப் பள்ளம் விழுந்தால் தண்டையார்பேட்டை முழுக்கத் தெரியும். அதே பள்ளம், ஏன் அதைவிடப் பெரிய பள்ளம், ஒரு முட்டுச்சந்தில் விழுந்தால் அந்தச் சந்தில் குடியிருக்கிற நாலு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. மூளையிலும் அப்படித்தான். முன்பக்க வெள்ளைப் பகுதியில் பெரிய புள்ளி இருந்தும் ஆள் கணக்கு எழுதிக்கொண்டு, சமைத்துக்கொண்டு இருப்பார். மூளைத்தண்டிலோ முதுகுத் தண்டிலோ, கைக்கும் காலுக்கும் போகிற எல்லா நரம்பும் ஒரு விரல் தடிமனில் நெருக்கிக்கொண்டு போகும் இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு புள்ளி போதும், கால் இழுக்கும். என்னிடம் வருகிற ஒரு அம்மாவின் தலையில் முப்பதுக்கு மேல் புள்ளிகள், மூன்றாவது மாடி வீட்டுக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறார். மூளையில் இரண்டே புள்ளியும் கழுத்துத் தண்டில் ஒன்றும் உள்ள இளைஞர் ஒருவர் கைத்தடியோடு வருகிறார். படமும் ஆளும் இப்படி ஒட்டாமல் போவதை நெதர்லாந்தின் ஃபிரடெரிக் பார்க்கோஃப் ஒரு முரண் என்றே பெயர் வைத்து எழுதினார், அவர் வாழ்நாள் முழுக்க எம்.எஸ். ஸ்கேன் பார்த்த கதிரியக்க நிபுணர்.

நீங்கள் படித்த கட்டுரையிலேயே இது இருக்கிறது, திரும்பிப் போய்ப் பாருங்கள். 14 வருடத்து ஊனத்துக்கும், ஐந்தாவது வருடத்தில் இருந்த புள்ளிகளின் மொத்த அளவுக்கும் உள்ள தொடர்பு 0.60 என்று போட்டிருப்பார்கள். 1 என்றால் ஒன்று ஏறினால் இன்னொன்றும் கச்சிதமாகக் கூடவே ஏறும், 0 என்றால் சம்பந்தமே இல்லை. 0.6-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.36. சுமாராகச் சொன்னால், ஒருவர் நடக்கிறார் ஒருவர் முடங்குகிறார் என்ற வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் புள்ளிகளின் அளவு விளக்குகிறது. அதிலும் அந்த 0.60 முதல் படத்தில் உள்ள எண்ணிக்கையை வைத்து வந்ததில்லை, ஐந்தாவது வருடத்தில் இருந்த மொத்த அளவை வைத்து வந்தது. புள்ளி எத்தனை என்பதைவிட எங்கே இருக்கிறது, அடுத்த படத்தில் புதிதாக வந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். 30 வருட ஆய்வும் அதையே சொன்னது: பின்னாளில் நோய் முற்றியவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டியது, முதல் ஸ்கேனில் சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கம் புள்ளி இருந்ததும், ஒரு வருடத்துக்குள் ஆழமான வெள்ளைப் பகுதியில் புள்ளி இருந்ததும்தான். நீங்கள் எழுதியிருக்கிற கணக்குப்படி தங்கையின் ஒன்பதில் ஒன்றுகூடச் சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கம் இல்லை. படத்தை நான் பார்க்கவில்லை, ரிப்போர்ட் அப்படியே என்றால் அது நல்ல சேதி.

படம் கையில் கிடைத்தால் ஒன்று பாருங்கள். ஃபிளேர் என்று எழுதிய படங்களில், தலையைப் பக்கவாட்டில் வெட்டின மாதிரி ஒரு வரிசை இருக்கும். நடுவில் கறுப்பாக வளைந்து தெரிவது வென்ட்ரிக்கிள், மூளைநீர் இருக்கும் அறை. அதன் மேல்விளிம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாக, செங்குத்தாக, விரலை விரித்து வைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா? அந்தப் புள்ளிகள் சின்ன ரத்தநாளங்களைச் சுற்றி உட்கார்வதால், நாளம் போகும் திசையிலேயே நீளும். எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் 1916-இல் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது, அதனால் டாசன் விரல்கள் என்போம். சர்க்கரை, பி.பி. உள்ள ஐம்பது அறுபது வயதுக்காரர்களுக்கும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் வரும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வரும், அவை பெரும்பாலும் இப்படி விரல் மாதிரி நிற்காது. பக்கத்து வீட்டு மாமாவின் ரிப்போர்ட்டிலும் புள்ளி என்று இருந்தது, அவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அந்த ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதுகுத் தண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பணத்துக்காக யோசிப்பது எனக்குப் புரிகிறது, ஆனால் இதில் சிக்கனம் வேண்டாம். நம் பக்கத்தில் எம்.எஸ். மாதிரியே வேஷம் போடும் இன்னொரு நோய் இருக்கிறது, நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா. அதுவும் பல தடவை கண்ணைத்தான் முதலில் பிடிக்கும், ரொம்ப காலம் எங்கள் ஆட்களே அதை எம்.எஸ். என்று சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் அதற்கென்று ரத்தத்தில் தனி ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதில் தண்டில் வரும் வீக்கம் பொதுவாக மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ ஓடும், எம்.எஸ்.ஸில் குட்டையாக, ஓரமாக நிற்கும். இன்டர்ஃபெரான் போன்ற சில எம்.எஸ். மருந்துகளைக் கொடுத்தால் அந்த நோய் மோசமாகிவிடும். உங்கள் தங்கையின் படம் எம்.எஸ். பக்கம்தான் சாய்கிறது, இருந்தாலும் அந்த நோயையும் அது மாதிரி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்றா, பி-12 பார்த்தாயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அனேகமாக எழுதியே வைத்திருப்பார்.

வருடா வருடம் ஸ்கேன் தேவையா என்றால், ஆரம்ப வருடங்களில் தேவை. மருந்து ஆரம்பித்து மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஒரு படம், அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஒரு தாக்குதல் வெளியே தெரிவதற்குள் உள்ளே ஐந்து பத்துப் புள்ளிகள் சத்தமில்லாமல் வந்துவிடலாம், கண்ணும் காலும் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்ய முடியாது. கான்ட்ராஸ்ட் ஒவ்வொரு தடவையும் வேண்டியதில்லை. கேடோலினியம் கொஞ்சம் மூளையில் தங்குகிறது என்று ஜப்பானில் கண்டா குழுவினர் 2014-இல் காட்டியதிலிருந்து, தொடர் ஸ்கேன்களில் அவசியம் இருந்தால் மட்டும் கொடுப்பது என்று 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. அப்படித் தங்கியதால் மூளைக்குக் கெடுதல் வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் மேக்ரோசைக்ளிக் வகை தங்குவதும் குறைவு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு ஏற்றுவார்கள். முதல் ஸ்கேனில் ஏற்றியது நல்லதுதான், அது இல்லாமல் புதுசு எது பழசு எது என்று தெரிந்திருக்காது.

இதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: ஒரே சென்டரில், முடிந்தால் ஒரே மெஷினில் எடுங்கள். ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று ஒரு வருடம் வண்ணாரப்பேட்டை, அடுத்த வருடம் பெரம்பூர், அதற்கடுத்த வருடம் திருவொற்றியூர் என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம் வெட்டியிருப்பார், இன்னொருவர் ஐந்துக்கு. தலை சாய்ந்த கோணம் வேறு. போன வருடம் இல்லாத புள்ளி நிஜமாகவே புதுசா, இல்லை போன தடவை இரண்டு வெட்டுக்கு நடுவில் ஒளிந்திருந்ததா என்று நான் அரைமணி நேரம் மல்லாடியும் முடிவு சொல்ல முடியாமல் போன நாட்கள் உண்டு. அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதே இருக்கிறது. ஃபிலிமை மட்டும் வாங்கி பீரோவில் சுருட்டி வைக்காதீர்கள், நம் ஊர்க் காற்றுக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். படங்களைப் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

இனி வரப்போவது கத்திரி வெயில், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாலோ, கரண்ட் இல்லாத நேரத்தில் அடுப்படியில் நின்றாலோ, அதே வலது கண் மறுபடி மங்கலாம். பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடாதீர்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்து அரைமணி, ஒரு மணி நேரத்தில் சரியானால் அது புதிய தாக்குதல் இல்லை. உறை தேய்ந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதியைக் கடத்தத் தடுமாறும், சூடு இறங்கினால் பழையபடி கடத்தும். உட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே எழுதினார், ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தே எம்.எஸ். என்று சொல்கிற பழக்கம்கூட இருந்தது. காய்ச்சல் இல்லாமல், ஒரு முழு நாளுக்கு மேல் நீடிக்கிற புதுத் தொந்தரவு வந்தால் மட்டும் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கண்ணை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி: நன்றாகப் பழுத்த தக்காளியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் பட்ட கண்ணுக்குச் சிவப்பு வெளுத்த செங்கல் மாதிரி தெரியும். முக்கால்வாசி திரும்பிய பார்வை இன்னும் சில மாதத்துக்கு மெதுவாகத் தேறிக்கொண்டே போகும்.

மருந்து எது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், இதைத்தான் எடுங்கள் என்று நான் இங்கே குழப்ப மாட்டேன். விலையைக் கேட்டு மலைத்து நிற்காமல், உள்நாட்டுத் தயாரிப்பு இருக்கிறதா, ரிட்டுக்ஸிமாப் மாதிரி நம் நாட்டில் பல நரம்பு டாக்டர்கள் பயன்படுத்தும் மாற்று ஒத்துவருமா என்று நேரடியாகக் கேளுங்கள். 1985-இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, இதே நோயோடு வேலைக்குப் போகிற, குழந்தை வளர்க்கிற பெண்களை உங்கள் தங்கை அங்கே சந்திக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ்.ஸும் பெயரோடு இருக்கிறது, இன்றைக்குத் தேவையில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரன் விஷயம். நோய் மறைத்துக் கல்யாணம் வேண்டாம் தம்பி. மருந்தை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஊசி போட வேண்டிய நாளில் புகுந்த வீட்டில் விசேஷம் என்று ஊசியை விட்டவர்களையும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம். பிரான்சைச் சேர்ந்த கான்ஃபவ்ரோ குழுவினர் பல ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைப் பின்தொடர்ந்து 1998-இல் எழுதினார்கள்: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல்கள் நன்றாகக் குறைகின்றன, பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதம் கூடுகின்றன. எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்தால் போதும். குழந்தைக்கு வந்துவிடுமா என்றும் கேட்பார்கள், அம்மாவுக்கு இருந்தால் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குத்தான் பின்னாளில் வருகிறது. கண் நன்றாகத் தேறி, மருந்து ஒத்துக்கொண்டு, ஆறு மாத ஸ்கேனும் பார்த்தபிறகு பேச்சைத் தொடருங்கள், அவளுக்கு வேண்டும் என்று இருந்தால்.

கடைசியாக, கட்டுரையைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். காட்டுங்கள். கண் அவளுடையது, தலை அவளுடையது, அவளுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் எண்களைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? அவள் ஏற்கெனவே தன் போனில் தேடிப் படித்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 50 பேர், 44 பேர் கணக்கைப் பாருங்கள், அவர்கள் எந்த வருடத்தில் வந்தவர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள், அப்புறம் 2020 கட்டுரையையும் தேடி எடுத்து 77-இல் 32 என்ற வரியைக் காட்டுங்கள், 16-ஐயும் விடாமல். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

தண்டு ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ஸ்கேனின் சி.டி. தட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். கொலுசு, மூக்குத்தி, துப்பட்டாவில் குத்தும் ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே சத்தம் பெரிதாக இருக்கும், காதுக்கு அடைப்பு கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், முக்கால் மணி நேரமாவது அசையாமல் படுக்க வேண்டும்.